வெப்பத்தை அளந்த பேராசிரியர்

நீராவி இயந்திரம் என்றவுடன் ஜேம்ஸ் வாட்டின் பெயர் நம் நாவில் வந்து நிற்கிறது. நவீன ரசாயனம் என்றால் லவாசியேயின் பெயர். இவ்விருவருக்கும் முன்னே நடந்து வழியைச் செப்பனிட்டவர் ஒருவர் உண்டு. அவர்தாம் ஜோசப் பிளாக். நம் மன்றத்து நண்பர்களில் அவரை அறிந்தவர் மிகச் சிலரே இருப்பர். விஞ்ஞானம் பயில்வோரிலும் பலர் அவர் வகுத்த சோதனையைச் செய்திருப்பர். அவர் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பௌதிகம் எடுத்தவர்களுக்கு நான் சொல்லும் சோதனை நினைவிருக்கும். செம்பாலான கலோரிமானியில் தண்ணீரை ஊற்றுவோம். நன்றாகச் சூடேறிய ஈயக் குண்டுகளை அதில் கொட்டுவோம். கலக்கிவிட்டு வெப்பமானியைப் பார்ப்போம். ஈயம் இழந்த வெப்பம், தண்ணீரும் கலமும் பெற்ற வெப்பத்திற்குச் சமம் என்று முதல் வரி எழுதுவோம். ஈயத்தின் தன்வெப்பம் கிடைத்துவிடும். பதிவேட்டில் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விடுதிக்குப் போய்விடுவோம். அந்த முதல் வரியை எழுதக்கூடிய நிலைக்கு மனித அறிவு வந்து சேர்ந்தது 1760-ஆம் ஆண்டு வாக்கில்தான். அதற்கு முன்பும் நல்ல வெப்பமானிகள் இருந்தன. வெப்பக் கணக்குத்தான் இல்லை.

இலக்கியமும் பொருளாதாரமும் பயிலும் நண்பர்கள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது கருவிகளின் கதை மட்டும் அன்று. ஒரு நல்லாசிரியரின் கதையும் ஆகும். கதைக்கு வேண்டிய பௌதிகம் அடுப்படியிலும் கடற்கரையிலும் நாம் கண்டதுதான்.

வணிகர் வீட்டுப் பிள்ளை

பிளாக் 1728-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் பிறந்தார். தந்தை ஜான் பிளாக் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்தவர்; ஸ்காத்லாந்து மரபினர்; தொழில் மது வாணிகம். தாயின் குடும்பமும் அதே வாணிகத்தை ஒட்டிப் போர்தோவில் குடியேறிய ஸ்காத்லாந்துக் குடும்பமே. பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து போய், வேற்று மொழி பேசும் ஊரில் நிலைத்து, வீட்டிற்குள் தம் மொழியைக் காத்த குடும்பம் அது. ஊரை விட்டு வந்து இங்கே பயிலும் நமக்கு அத்தகைய வீடு புதிதன்று. ஆங்கிலம் படிக்கத் தாயே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பன்னிரண்டு வயதில் பிளாக் பள்ளிப் படிப்பிற்காகப் பெல்பாஸ்டுக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து கிளாஸ்கோ பல்கலைக்கழகம் சென்றார்.

ஏதேனும் ஒரு தொழிற்கல்வியைத் தேர்ந்துகொள் என்று தந்தை சொல்ல, மகன் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கேதான் அவருக்கு நற்பேறு வாய்த்தது. வில்லியம் கல்லன் என்ற பேராசிரியர் அப்போது கிளாஸ்கோவில் ரசாயனம் கற்பிக்கத் தொடங்கியிருந்தார். மருந்து கலப்பதற்கு மட்டும் உதவும் கைத்தொழிலாக அதைக் கருதாமல், தனித்ததோர் அறிவுத் துறையாகவே அவர் கற்பித்தார். மாணவர் பிளாக்கைத் தம் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக வைத்துக்கொண்டார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் குருவும் சீடரும் ஒன்றாக உழைத்தார்கள்.

1752-இல் மருத்துவப் பட்டத்தை முடிப்பதற்காகப் பிளாக் எடின்பரோ சென்றார். சிறுநீர்ப்பையில் உண்டாகும் கற்களைக் கரைக்க எந்த மருந்து நல்லது என்பது அக்காலத்தில் பெரிய வழக்கு. சுண்ணாம்பு நீரைப் பற்றி எடின்பரோவின் பேராசிரியர்களே இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டார்கள். அந்த வாதத்திற்குள் தலையிடாமல், வெண் மக்னீசியா என்ற வேறொரு பொருளை எடுத்துக்கொண்டார் பிளாக். அதைச் சுட்டார், எடை குறைந்தது. குறைந்த எடை எங்கே போயிற்று? ஒரு காற்றாக வெளியேறிற்று என்று கண்டார். சுட்ட பொருளை அமிலத்தில் கரைத்து, காரத்தால் மீண்டும் வீழ்படியச் செய்து, போன எடை ஏறத்தாழ முழுவதும் திரும்பி வந்ததையும் தராசில் காட்டினார். இந்த ஆராய்ச்சிதான் 1754-இல் அவருக்கு மருத்துவப் பட்டத்தைத் தந்தது. 1756-இல் விரிவாக அச்சாயிற்று.

அந்தக் காற்றுக்கு அவர் நிலைத்த காற்று என்று பெயரிட்டார். இன்று நாம் அதைக் கரியமிலவாயு என்கிறோம். அது மெழுகுவத்தியை அணைக்கிறது. சுண்ணாம்பு நீரைப் பால்போல் வெளுக்கச் செய்கிறது. நாம் விடும் மூச்சிலும் இருக்கிறது. சாதாரணக் காற்றிலிருந்து வேறுபட்ட குணமுடைய காற்றுகள் உண்டு என்பதற்கு அது ஐயமற்ற சான்றாக நின்றது. முன்னும் நிறுத்துப் பார்; பின்னும் நிறுத்துப் பார்; கணக்கு நேராகவில்லை என்றால் ஏதோ ஒன்று உன் கண்ணுக்குத் தப்பிவிட்டது என்று கொள். இதுவே பிளாக்கின் வழி. வணிகர் மகனுக்கு வரவு செலவுக் கணக்கு கைவந்ததில் வியப்பில்லை. அதே கணக்கைத் தராசில் ஏறாத ஒன்றுக்கும் எழுதலாம் என்று அவர் துணிந்ததே அவருடைய பெருமை.

பாகை வேறு, வெப்பம் வேறு

1756-இல் கல்லன் எடின்பரோவுக்குப் போக, பிளாக் கிளாஸ்கோவில் அவர் இடத்திற்கு வந்தார். அங்கிருந்த பத்தாண்டுகளில்தான் வெப்பம் பற்றிய அவருடைய ஆராய்ச்சிகள் நடந்தன.

தமிழில் சூடு என்ற ஒரே சொல்லால் இரண்டு பொருளைக் குறிக்கிறோம். காப்பி சூடாக இருக்கிறது என்றால் அதன் பாகையைச் சொல்கிறோம். அடுப்பின் சூடு போதவில்லை என்றால் அது கொடுக்கும் வெப்பத்தின் அளவைச் சொல்கிறோம். பிளாக் காலத்து ஐரோப்பிய அறிஞர்களும் இவ்விரண்டையும் ஒன்றாகவே கருதினர். வெப்பமானி உயர்ந்தால் பொருளில் வெப்பம் மிகுந்தது; அசையாமல் நின்றால் ஒன்றும் சேரவில்லை. இதுவே பொதுக் கருத்து. எல்லாப் பொருளையும் ஒரே பாகையில் வைத்துவிட்டால், சம கன அளவில் சம வெப்பம் இருக்கும் என்றார் ஹாலந்து நாட்டுப் பேராசிரியர் பூர்ஹாவ. எடைக்கு ஏற்றபடி இருக்கும் என்றனர் வேறு சிலர்.

வெப்பமானிக்குப் பேர்போன பாரன்ஹீட், பூர்ஹாவவின் வேண்டுகோளுக்கு இணங்கி, பாதரசத்தையும் தண்ணீரையும் கலந்து பார்த்திருந்தார். அந்த முடிவுகள் இரு கருத்துக்கும் ஒத்துவரவில்லை. அவை புத்தகத்தில் கிடந்தன, பலரும் படித்தார்கள், யாரும் பொருட்படுத்தவில்லை. பிளாக் மட்டும் அந்த இடத்தில் நின்றார். தம் மாணவர்களுக்கு அதை அவர் விளக்கிய முறை இது. 100 பாகையில் உள்ள தண்ணீரோடு, அதே கன அளவுள்ள 150 பாகைப் பாதரசத்தைக் கலக்க வேண்டும். நடுப்பாகை 125. ஆனால் கலவை 120-இல் நிற்கிறது. பாதரசம் 30 பாகை இறங்கியிருக்கிறது. தண்ணீர் 20 பாகைதான் ஏறியிருக்கிறது. அப்படியானால் பாதரசத்தை 30 பாகை நகர்த்தும் வெப்பம் தண்ணீரை 20 பாகைதான் நகர்த்தும். பாதரசமோ தண்ணீரைவிடப் பதின்மூன்று மடங்குக்கு மேல் கனமானது. எனவே கன அளவும் காரணம் அன்று. எடையும் காரணம் அன்று. ஒவ்வொரு பொருளுக்கும் வெப்பத்தை ஏற்கும் திறன் என்று தனியே ஒன்று உண்டு. அதைச் சோதனையால்தான் அறிய வேண்டும்.

அந்த எண்கள் கரடுமுரடானவை. இன்றைய அளவின்படி, சம கன அளவில் பாதரசத்தின் திறன் தண்ணீரின் திறனில் பாதிக்கும் குறைவு. ஆனால் கருத்து அசைக்க முடியாதது. ஒரு கிராம் தண்ணீரை ஒரு சென்டிகிரேடு பாகை உயர்த்த 4.18 ஜூல் வேண்டும். அலுமினியத்திற்கு 0.90, இரும்புக்கு 0.45, செம்புக்கு 0.39, பாதரசத்திற்கு 0.14 ஜூல் போதும். நண்பகலில் சென்னைக் கடற்கரை மணலில் கால் வைக்க முடியாமல் ஓடிப்போய் அலையில் நிற்கிறோமே, இரண்டின் மேலும் காய்ந்தது ஒரே வெயில்தான். மணலின் தன்வெப்பம் சிறியது. வெயிலும் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. தண்ணீரின் தன்வெப்பம் பெரியது. அலைகளும் வெப்பத்தை ஆழத்திற்குக் கொண்டுபோய்ப் பரப்புகின்றன.

பனி ஏன் மெல்ல உருகுகிறது?

இரண்டாவது கண்டுபிடிப்பு இதைவிட வியப்பானது. பனிக்கட்டியை உருகும் பாகைக்குக் கொண்டுவந்துவிட்டால், பிறகு இம்மியளவு வெப்பம் கொடுத்தாலே அது முழுவதும் நீராகிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். வெப்பமானி அப்படித்தான் சொல்லிற்று. உருகுவதற்குச் சற்று முன்னும் 32 பாரன்ஹீட் பாகை. உருகி முடிந்த பின்னும் 32 பாகை.

பிளாக் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஸ்காத்லாந்தில் குளிர்காலம் முடிந்து வெயில் வந்த பிறகும் மலைகளில் பனி வாரக்கணக்கில் கிடக்கிறது. பொதுக் கருத்து மெய்யானால், வெதுவெதுப்பான முதல் நாளிலேயே மலைப்பனி முழுவதும் ஒருங்கே உருகி, தாங்க முடியாத வெள்ளமாக ஊர்களை அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஆகவே உருகும் பனி, வெப்பமானிக்குத் தெரியாமல், மிகுந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

நாம் பயிலும் இந்த வடஇந்தியச் சமவெளியில் இருந்துகொண்டு இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கோடையில் கங்கைக்கும் யமுனைக்கும் இமயத்தின் பனி சிறிது சிறிதாக நீர் அனுப்புகிறதென்றால், அதற்குள் இருக்கும் ஒரு பெரிய காரணம் பிளாக் கண்ட இதுவே.

எண்ணியதோடு அவர் நிற்கவில்லை. 1761-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அளந்து பார்த்தார். ஒரே மாதிரியான இரண்டு மெல்லிய கண்ணாடிக் குடுவைகள். இரண்டிலும் சம எடை நீர். ஒன்றை உறையச் செய்தார். மற்றொன்றை உறையவிடாமல் 33 பாகை வரை குளிர்வித்தார். விரிவுரைக் கூடத்தை அடுத்த பெரிய வெற்றுக் கூடம் ஒன்றில் இரண்டையும் தொங்கவிட்டார். கூடத்துக் காற்று 47 பாகையில் மாறாமல் இருந்தது. குளிர்ந்த நீர் அரைமணி நேரத்தில் 40 பாகைக்கு வந்தது. பனிக்கட்டி உருகி அதே 40 பாகைக்கு வர எவ்வளவு நேரம் ஆயிற்று? பத்தரை மணி நேரம்!

கணக்கு மிக எளிது. அரைமணிக்கு 7 பாகை வெப்பம் குடுவைக்குள் போகிறது. பத்தரை மணி என்பது 21 அரைமணி. 21-ஐ 7-ஆல் பெருக்கினால் 147. இதில் உருகிய நீரை 32-லிருந்து 40-க்கு உயர்த்தச் செலவானது 8. மீதி 139. வெப்பமானியில் ஒரு கோடுகூட ஏறாமல், இத்தனை வெப்பம் உருகுதலிலேயே அடங்கிவிட்டது. சூடான நீரில் பனிக்கட்டியை இட்டுக் கலவை முறையிலும் பார்த்தார், 143 வந்தது. இன்றைய அளவு 144. அந்தக் கருவிகளைக் கொண்டு, ஒரு குளிர்காலக் கூடத்தில், இவ்வளவு நெருங்கி வந்த கையை நினைத்தால் வணங்கத் தோன்றுகிறது. இவ்வெப்பத்திற்கு அவர் கொடுத்த பெயரையே நாம் உள்ளுறை வெப்பம் என்று தமிழாக்கி வழங்குகிறோம். 1762 ஏப்ரல் 23-ஆம் நாள் கிளாஸ்கோ பல்கலைக்கழக அறிஞர் கழகம் ஒன்றில் இதை அவர் படித்தார்.

அடுத்துக் கொதிநீரைப் பார்த்தார். தகரக் கலத்தில் 50 பாகை நீரை ஊற்றிச் சிவந்த இரும்பின் மேல் வைத்தார். நான்கு நிமிடத்தில் கொதி வந்தது. அதாவது 162 பாகை ஏற்றம். முழுவதும் ஆவியாக மேலும் இருபது நிமிடம் ஆயிற்று. அதே வேகத்தில் வெப்பம் வந்ததாகக் கொண்டால், ஆவியில் அடங்கியது 810 பாகை. இன்றைய அளவு 970. எண் குறைந்தாலும் உண்மை தெரிந்துவிட்டது. உலை கொதித்த பிறகு அடுப்பில் விறகை எவ்வளவு திணித்தாலும் சோறு முன்னதாக வெந்துவிடாது என்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். கொதிநீரின் பாகை ஏறுவதில்லை; திணித்த விறகெல்லாம் ஆவியாகப் போய்விடுகிறது.

வாட்டின் நண்பர்

அந்நாளில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவி செய்யும் இளைஞர் ஒருவருக்குப் பட்டறை கொடுத்திருந்தார்கள். அவர்தாம் ஜேம்ஸ் வாட். 1763-64 குளிர்காலத்தில், வகுப்பில் காட்டும் நியூகோமன் இயந்திர மாதிரி ஒன்று பழுது பார்க்க அவரிடம் வந்தது. அது ஏன் இவ்வளவு நீராவியை விழுங்குகிறது என்று ஆராய்ந்த வாட், ஒரு பங்கு நீர் ஆவியாகிப் போய், ஆறு பங்கு குளிர்ந்த நீரைக் கொதிக்க வைத்துவிடுகிறது என்று கண்டு திகைத்தார். பிளாக்கிடம் ஓடினார். பிளாக் உள்ளுறை வெப்பத்தை விளக்கினார்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உள்ளுறை வெப்பக் கொள்கையிலிருந்தே வாட்டின் இயந்திரம் பிறந்தது என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். வாட் அதை ஒப்புக்கொள்ளவில்லை. உருளை ஒவ்வோர் அடிக்கும் குளிர்ந்து மீண்டும் சூடேற வேண்டியிருந்ததே பெரிய விரயம் என்று அவர் தாமே கண்டார். 1765-இல் நீராவியைத் தனிக் கலத்தில் குளிர்விக்கும் வழியை உண்டாக்கினார். 1769-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் ஐயங்களைத் தெளிவாகக் கேட்கவும், அளந்து விடை காணவும் தமக்குக் கற்பித்தவர் பிளாக் என்பதை அவர் என்றும் மறக்கவில்லை. பிளாக் அவருக்குப் பொருளுதவியும் செய்தார். முதலீடு செய்யக்கூடிய ரோபக் என்ற தொழிலதிபரையும் அறிமுகப்படுத்தினார்.

எடின்பரோவின் ஆசிரியர்

1766-இல் பிளாக் எடின்பரோவில் ரசாயனப் பேராசிரியர் ஆனார். அதன்பின் வாழ்நாளின் பெரும்பகுதி கற்பித்தலிலேயே கழிந்தது. பெரிய ஆராய்ச்சி என்று புதிதாக ஒன்றும் அச்சிடவில்லை. ஆனால் அயர்லாந்திலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மாணவர்கள் அவர் வகுப்பைத் தேடி வந்தார்கள். மேசைமேல் செய்து காட்டும் சோதனை ஒவ்வொன்றும் எளிமையானதாகவும் தவறாமல் நிகழ்வதாகவும் இருக்கும். சொல்லில் ஆரவாரம் இல்லை. மாணவர் டேனியல் ரதர்போர்டிடம் ஒரு காற்றைப் பற்றி ஆராயும்படி சொன்னார். 1772-இல் நைட்ரஜன் கண்டறியப்பட்டது. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட மருத்துவர் பெஞ்சமின் ரஷ் அவர் வகுப்பில் அமர்ந்தவரே.

மருத்துவராகவும் அவர் விளங்கினார். தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் அவரிடம் சிகிச்சை பெற்றார். பொருளாதாரம் பயிலும் நண்பர்களுக்கு ஒரு செய்தி: ஆடம் ஸ்மித் தம் உயிலை நிறைவேற்றும் பொறுப்பைப் பிளாக்கிடமும் நிலவியல் மேதை ஜேம்ஸ் ஹட்டனிடமும் ஒப்படைத்தார். பிளாக் மணம் செய்துகொள்ளவில்லை. இளமை முதல் மெலிந்த உடல். நோய்க்கு அஞ்சி அளவாக உண்டு, அளவாக உழைத்து வாழ்ந்தார்.

அச்சேறாத புகழ்

உள்ளுறை வெப்பத்தையும் தன்வெப்பத்தையும் பற்றி வாழ்நாளில் அவர் ஒரு நூலும் வெளியிடவில்லை. அதன் விளைவைப் பாருங்கள். ஸ்வீடனில் வில்க்கெ என்பவர் தாமாகவே ஆராய்ந்து, உருகுதலின் வெப்பத்தை 1772-இல் அச்சிட்டார். தன்வெப்பம் பற்றிய செய்திகளை 1779-இல் கிராபோர்டு நூலாக்கினார். 1783-இல் லவாசியேயும் லாப்லாசும் பனிக்கட்டிக் கலோரிமானி ஒன்றை அமைத்து, உருகிய நீரை நிறுத்து வெப்பத்தை அளந்தார்கள். பிளாக்கின் கருத்துகளோ மாணவர்கள் எழுதிய வகுப்புக் குறிப்புகளாக, கைக்குக் கை மாறி நாடெங்கும் போயின. அவர் மறைந்த பின் நண்பர் ஜான் ராபிசன் சிதறிக் கிடந்த குறிப்புகளைத் தொகுத்து, 1803-இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார், வாட்டுக்கே காணிக்கையாக்கினார்.

அச்சிடாதது சரியா என்று எனக்குள் நானே வாதிட்டுப் பார்த்தேன். சரி என்று சொல்ல மனம் வரவில்லை. கண்டதை உலகின் முன் வைப்பது கண்டவன் கடமை. அவர் எழுதியிருந்தால் பின்வந்தவர்களின் ஆண்டுகள் மிஞ்சியிருக்கும். யார் முதல் என்ற பூசலும் எழுந்திராது. ஆனால் வேறொரு பக்கமும் உண்டு. வெப்பம் என்பது என்ன? ஒரு நுண்ணிய பாய்பொருளா, அணுக்களின் அசைவா? இதில் அவர் அவசரப்பட்டு எக்கட்சியிலும் சேர்ந்து நூல் எழுதவில்லை. அளந்ததை மட்டும் சொன்னார். பின்னர் 1840-களில் ஜூல் வெப்பத்தை ஆற்றல் என்று நிறுவி, பாய்பொருள் கொள்கை வீழ்ந்தபோது, அதை நம்பி எழுதிய நூல்கள் பழையனவாயின. பிளாக்கின் அளவுகள் நின்றன. ஒன்றின் இயல்பு முழுவதும் தெரியும் முன்னரே அதைச் சரியாக அளக்க முடியும் என்பதற்கு அவரே சான்று.

அவர் எழுப்பிய கேள்வியும் நிற்காமல் வளர்ந்தது. ஒவ்வொரு பொருளும் ஏன் வெவ்வேறாக வெப்பத்தை ஏற்கிறது? 1819-இல் தூலோங்கும் பெத்தியும் ஒரு விடை கண்டார்கள். கிராமுக்குக் கிராம் பார்க்காமல் அணுவுக்கு அணு பார்த்தால், திண்ம உலோகங்கள் பலவும் ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தையே கேட்கின்றன. 27 கிராம் அலுமினியமும் 63.5 கிராம் செம்பும் சம எண்ணிக்கை அணுக்கள் உடையவை; இரண்டுக்கும் ஒரு பாகைக்குச் சுமார் 24 ஜூல்தான். கடுங்குளிரில் அந்த அளவு ஏன் குறைகிறது என்பதை 1907-இல் ஐன்ஸ்டீன் குவாண்டம் கொள்கையால் விளக்கினார். 1912-இல் டிபை செம்மைப்படுத்தினார். நான் முதுநிலை வகுப்பில் இப்போது படிக்கும் பாடம் இது. பாதரசமும் தண்ணீரும் கலந்த ஒரு கலத்திலிருந்து குவாண்டம் பௌதிகம் வரை ஒரே பாதை ஓடுகிறது.

இன்றைய உலகின் பெருங்கவலையிலும் அவருடைய இரு கண்டுபிடிப்புகளும் சந்திக்கின்றன. அவர் தராசில் பிடித்த கரியமிலவாயு வானில் பெருகுவதே பூமி சூடாவதற்குத் தலையாய காரணம். அவ்வாறு சேரும் மிகை வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலே ஏற்றுக்கொள்கிறது. தண்ணீரின் பெரிய தன்வெப்பம் இல்லாவிட்டால் நம் நிலை என்ன ஆகியிருக்கும்!

நிறைவு

1799 டிசம்பர் 6-ஆம் நாள், எடின்பரோவில் தம் வீட்டில், வழக்கமான எளிய உணவோடு மேசை முன் அமர்ந்திருந்தார் பிளாக். சிறிது ரொட்டி, சில உலர்ந்த பழங்கள், நீர் கலந்து அளந்து வைத்த பால். பால் கிண்ணத்தை முழங்கால்மேல் வைத்துக் கையால் பிடித்தபடியே உயிர் பிரிந்தது. ஒரு துளியும் சிந்தவில்லை. உறங்குகிறார் என்றே பணியாள் முதலில் எண்ணினானாம். கிரேபிரையர்ஸ் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தார்கள்.

நண்பர்களே, இவ்வாண்டு படிப்பை முடிக்கும் எங்களைப் பார்த்து அடுத்து என்ன என்று கேட்பவர்கள் பலர். ஆராய்ச்சி என்றால் மகிழ்கிறார்கள். ஆசிரியத் தொழில் என்றால் முகம் சுருங்குகிறது. வேறு வேலை கிடைக்காதவர் செய்யும் வேலை என்ற எண்ணம் நம்மிடையே ஊறிவிட்டது. ஊருக்கு எழுதும்போது நானும் அந்தச் சொல்லைச் சற்றுத் தயங்கித்தான் எழுதுகிறேன். பிளாக்கின் வாழ்வைப் படித்த பிறகு அந்தத் தயக்கம் குறைந்திருக்கிறது. கல்லன் இல்லையேல் பிளாக் இல்லை. பிளாக்கின் வகுப்பு இல்லையேல் அவர் கண்ட உண்மை பெட்டிக்குள் மடிந்த தாளாகவே இருந்திருக்கும். அதைக் காத்தவர்கள் பெஞ்சில் அமர்ந்து குறிப்பெடுத்த பிள்ளைகள்தாம்.

பனிக்கட்டி பத்து மணி நேரம் வெப்பத்தை வாங்கியது, வெப்பமானி அசையவில்லை. ஆனால் வாங்கிய வெப்பத்தில் ஒரு பங்கும் வீணாகவில்லை. அதுதான் கட்டியை நீராக்கிற்று. நல்ல வகுப்பறையில் நடப்பதும் அதுவே என்று நம்புகிறேன். அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் கலோரிமானியைக் கையில் எடுக்கும் தம்பிமார், கணக்கின் முதல் வரியை எழுதும் முன் இந்த ஆசிரியரை ஒரு கணம் நினைத்துக்கொள்வார்களாக.